சுவரை விட்டு நகராத மாப்பிள்ளை

“வீடியோ கேம் ஆடுறவனுக்கு எம்மகளக் கொடுக்க மாட்டேன்லா” என்று பத்துமலை சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

1984ஆம் வருடம் அது. மலேசியாவில் சுங்காய்ப் பக்கத்துத் தோட்டங்களில் மாதம் ஒருமுறை திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலம். பாயைச் சுருட்டிக்கொண்டு தொழிலாளர் லயமே கிளம்பிப் போகும். போன மாதப் படத்தில் வீடியோ கேம் ஆடுகிறவன் ஒருவன் வந்தான். கறுப்புக் கண்ணாடி, வாயில் சிகரெட். பெரியவர்கள் வந்தாலும் சுவரில் சாய்ந்தே நிற்பான். கடைசியில் தங்கச்சியின் தாலியையே விற்றுவிட்டான்.

மங்களத்துக்குப் பேசி முடித்திருந்த சதாசிவமும் சனிக்கிழமைதோறும் ஈப்போவில் அப்படி ஒரு கடையில்தான் இருக்கிறானாம். பஸ் கண்டக்டர் சொன்ன சேதி.

மங்களம் அழுதுகொண்டிருந்தாள். செல்லாயிதான் கணவரைச் சமாதானப்படுத்தினாள்.

“சினிமாவப் பாத்தா முடிவு பண்ணுவீங்க? நேர்ல ஒருதரம் பாத்துட்டு வந்து பேசுங்க.”

மங்களத்தின் அழுகை சட்டென்று நின்றது. “அங்கெல்லாம் நீங்க போவாதீங்கப்பா. ஒரே இரைச்சலா இருக்குமாம்.”

என்ன இருந்தாலும் அப்பன் மேல் பாசம் என்று நினைத்துக்கொண்டார் பத்துமலை. சுவரில் மான் படம் போட்ட கடிகாரம் ஏழு அடித்தது. ஈப்போ தையல் வகுப்பில் மங்களம் வாங்கிய முதல் பரிசு. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டாமல் விடமாட்டார். இரண்டு வருடமாகக் கற்றுக்கொள்கிறாள், ஒரு ரவிக்கை வீடு வந்து சேரவில்லையே என்று செல்லாயி மட்டும் கேலி செய்வாள்.

அந்தச் சனிக்கிழமை மங்களம் தலைவலி என்று வகுப்புக்குப் போகவில்லை. பத்துமலை மட்டும் பஸ் ஏறினார். பீடோர், தாப்பா, கம்பார் என்று பஸ் நின்று நின்று போனது.

கடை அவர் நினைத்த மாதிரி இல்லை. சிகரெட் வாடையே கிடையாது. தபால்காரர் ஒருவர் பையைத் தோளில் மாட்டியபடியே ஆடிக்கொண்டிருந்தார். தொழிற்சாலைச் சீருடையில் இரண்டு பெண்கள் சிரித்துக்கொண்டே பொத்தானைத் தட்டினார்கள். பத்துமலையின் மனசு கொஞ்சம் இளகியது.

அப்போதுதான் சதாசிவம் அவரைப் பார்த்தான். ஆட்டத்தைப் பாதியில் விட்டு ஓடினான், அவரிடம் இல்லை, பின்பக்கச் சுவருக்கு. அதில் முதுகை ஒட்டிச் சாய்ந்துகொண்டு, “வாங்க மாமா” என்றான்.

அச்சு அசல் படத்தில் வந்தவன்.

கடை முதலாளியான சீனத் தவுக்கே முக்காலி கொண்டுவந்து போட்டார். போன வருடப் போட்டியில் இவன் இரண்டாவதாக வந்தான் என்று மலாயில் பெருமையாகச் சொன்னார்.

“இதுலயும் ரெண்டாவதுதானா?” என்றார் பத்துமலை. “பெரிய மனுசன் வந்திருக்கேன். சொவத்த விட்டு வரமாட்டியோ?”

“இங்கனயே நிக்கிறேன் மாமா.” அவன் நெற்றியில் வேர்வை வழிந்தது.

“எம்மக தையல்ல மொதப் பரிசு வாங்குனவ, தெரியுமா?”

“அவங்க கெட்டிக்காரங்கன்னு தெரியும் மாமா.”

“தெரிஞ்சும் சாஞ்சிக்கிட்டே பேசுற. இந்தச் சம்பந்தம் வேணாம் தம்பி. நான் வாரேன்.”

அவர் வாசலை எட்டியிருக்க மாட்டார். சதாசிவம் சுவரை விட்டு ஓடிவந்து, அத்தனை பேர் முன்னாலும் அவர் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

படத்தில் வந்தவன் யார் காலிலும் விழவில்லை. பத்துமலை அவன் தோளைத் தொட்டுத் தூக்கிவிட்டு நிமிர்ந்தார். இவ்வளவு நேரம் அவன் முதுகு மறைத்திருந்த போட்டோ பின்பக்கச் சுவரில் தெரிந்தது.

மான் படம் போட்ட கடிகாரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, போன வருடப் போட்டியில் முதலாவதாக வந்த மங்களம் அதில் சிரித்துக்கொண்டிருந்தாள்.