மை மட்டும்

கதவு திறந்தது. பிள்ளைக்கு முன்னால் அதன் சுண்டுவிரல் வெளியே வந்தது.

இடது கைச் சுண்டுவிரல். பாக்கியத்தாய் அதைப் பிடித்து நீட்டிக்கொண்டு நின்றாள். இன்னொரு கையால் பிள்ளையின் வாயைப் பொத்தியிருந்தாள்.

"மை மட்டும் வச்சிட்டுப் போங்கக்கா. சொட்டு வேண்டாம்."

வாசலில் நின்றவள் கையில் மைப் பேனா. பின்னால் நர்ஸ். நர்ஸின் தோளில் மருந்துப் பெட்டி, உள்ளே ஐஸ் கட்டி நகர்கிற சத்தம்.

தெருமுனையில் ஆட்டோ. அதன் குழாய் ஸ்பீக்கரில் அவளுடைய குரலே.

'ரெண்டே சொட்டு, தாய்மாரே. போலியோவுக்கு நம்ம தெருவுல இடம் கிடையாது.'

போன வருஷம் பேசிக் கொடுத்த கேசட். அம்மன் கோயில் மைக்கிலும் அதுதான். மாதா கோயில் மைக்கிலும் அதுதான்.

உப்பளத்துக்காரர்கள் தெரு. அதிகாரி தட்டினால் திறக்காத கதவு அவள் கூப்பிட்டால் திறக்கும். அதற்காகத்தான் சொட்டு மருந்து வேலைக்கு அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். சொட்டு குடித்த பிள்ளைக்கு விரலில் மை. அந்த வீட்டுச் சுவரில் சாக்பீஸால் டிக். மறுத்த வீட்டுக்குப் பெருக்கல் குறி.

போன தடவை ஒரே ஒரு பெருக்கல் குறிதான் மிச்சம்.

எதிர் வீடு. அவள் தம்பி பெண்டாட்டி சந்தனமாரி.

சந்தனமாரியின் மூத்த பிள்ளை, சொட்டு குடித்த மூன்றாம் நாள் காய்ச்சலில் போனது. அது வேறு காய்ச்சல் என்றார் டாக்டர். சந்தனமாரிக்கு மூன்றாம் நாள் என்பது மட்டும்தான் காதில் விழுந்தது.

"உங்க காலைப் பிடிக்கேன் மைனி. இவளையாவது விட்டுருங்க. மைய மட்டும் வச்சிருங்க."

இளையவள் பொன்செல்வியின் விரலில் அவள் மை வைத்தாள். சுவரில் பெருக்கல் குறியை அழித்து டிக் போட்டாள்.

மறுவாரம் மேடை. 'மறுப்பே இல்லாத தெரு' என்று பேனர். பொன்னாடைக்கு மேல் அவள் முகம், சிரித்தபடி. பிறகு அந்தப் படமே தெருமுனைப் பேனரில்.

போன மாதம் பொன்செல்விக்குக் காய்ச்சல். இரண்டு நாளில் இடது கால் எழும்பவில்லை.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் அந்தக் காலைத் தூக்கினார். விட்டார். விழுந்தது.

"சொட்டு போட்டீங்களா?"

சந்தனமாரி அவளைப் பார்த்தாள். அப்புறம் டாக்டரைப் பார்த்தாள்.

"போட்டோம் சார். எங்க மைனி கூடவே நின்னு போட்டாங்க. மை பாருங்க."

வெளியே வந்ததும் காதோடு சொன்னாள்.

"உங்களக் காட்டிக் குடுப்பேனா மைனி?"

அவர்கள் பஸ் பிடித்து வந்து இறங்குமுன் பேச்சு தெருவுக்கு வந்துவிட்டது. சொட்டு குடிச்ச பிள்ளைக்கே கால் போச்சாம்.

நேற்று முடிவு வந்தது. போலியோதான். தெருவில் எல்லாப் பிள்ளைக்கும் இன்றே மறுபடி சொட்டு.

அதனால்தான் பாக்கியத்தாய் நீட்டும் இந்த விரல்.

"என்னக்கா யோசன? எங்களுக்கும் நிம்மதி. பேனர்ல உங்க சிரிப்பும் கெடாது."

அடுத்த வாசலில் இன்னொரு சுண்டுவிரல் காத்திருந்தது. அதற்கடுத்த வாசலிலும்.

எதிர் வாசலில் சந்தனமாரி வந்து நின்றாள். இடுப்பில் பொன்செல்வி. ஒரு கால் தாயின் இடுப்பைக் கவ்விப் பிடித்திருந்தது.

இன்னொன்று தொங்கியது.

பொன்செல்வியின் சுண்டுவிரல் நகத்தின் நுனியில் மை இன்னும் போகவில்லை.

ஆட்டோ தெருவுக்குள் வந்தது. அவள் குரல் பெரிதாகிக்கொண்டே வந்தது. கையை நீட்டி நிறுத்தினாள்.

"அத அணைங்க."

குழாயில் அவள் குரல் பாதியில் அறுந்தது.

சந்தனமாரிக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். மெதுவாக. அப்புறம் வேகமாக.

அவள் பேனாவை மூடினாள்.

"பொன்செல்விக்கு மை மட்டும்தான் வச்சேன். சொட்டு போடல."

அவள் பாக்கியத்தாயின் பக்கம் திரும்பினாள்.

"அவ கேட்டா. நான் வச்சேன். அந்தப் பிள்ள வாயில ஒரு சொட்டு விழல. மேடையில ஏறிப் பொன்னாட வாங்கினது நான்."

பாக்கியத்தாயின் கை பிள்ளையின் வாயிலிருந்து தானாக விலகியது. பிள்ளை வீறிட்டது. வாய் நன்றாகத் திறந்திருந்தது.

நர்ஸ் பெட்டியைத் திறந்தாள். அவள் முகத்தை நர்ஸ் பார்க்கவில்லை.

ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு.

அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. நீட்டிய விரல்கள் மடங்கின. வாய்கள் திறந்தன. ஒருத்தி பிள்ளையைக் கொடுத்துவிட்டு, அவள் காலடியில் துப்பினாள். அவள் சேலையை ஒதுக்கிக்கொண்டு, பிள்ளையின் விரலில் மை வைத்தாள்.

கடைசியாக எதிர் வீடு.

கதவு சாத்தியிருந்தது.

மழை காணாத சுவர். அவள் போட்ட டிக் அப்படியே இருந்தது. முந்தானையால் துடைத்தாள். சாக்பீஸை எடுத்துப் பெருக்கல் குறி போட்டாள்.

கதவைத் தட்டினாள்.

உள்ளே பிள்ளையைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது. அவள் தட்டியதும் அது நின்றது.

"சந்தனமாரி, மைனி வந்திருக்கேன்."

எந்த அதிகாரிக்கும் திறக்காத கதவு.

மறுபடி தட்டினாள்.