நிருபம்-தா செத்த சேதி

டெங்குக் காய்ச்சலில் பத்து நாள் தனியாகக் கிடந்துவிட்டு, கொல்கத்தா ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினார் நிருபம் பாதுரி; அங்கே எல்லோருக்கும் அவர் 'நிருபம்-தா', அதாவது நிருபம் அண்ணா. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு ஒரு போன்கூட வந்திருக்கவில்லை. கதவருகே போனதும் உள்ளே விசும்பல் கேட்டது.

"நிருபம்-தா செத்துட்டார்டி!" மாணவி ஸ்ரமணாவின் குரல்.

"ஐயோ! எப்படிடி?" என்றாள் தோழி.

"ஒரு வாரமா யாருமே எட்டிப் பாக்கல. எல்லாம் என் தப்பு."

நமக்காகவும் அழ ஒருத்தி இருக்கிறாளே! நிருபம் கதவைத் தள்ளினார்.

"அழாதம்மா, நான் உயிரோடதான் இருக்கேன்!"

ஸ்ரமணா திருதிருவென விழித்தாள்.

"நீங்க இல்ல நிருபம்-தா, இந்தத் தட்டுல வளர்ற ஈஸ்ட். நீங்க உருவாக்கினதுன்னு உங்க பேரையே வெச்சுட்டோம். மைக்ராஸ்கோப்புல பச்சையா மின்னிக்கிட்டு இருந்துச்சு, இப்ப மொத்தமா அணைஞ்சுபோச்சு."

"அவ்வளவுதானே? புதுசா வளத்துத் தரேன். அதான் லீவு முடிஞ்சு வந்துட்டேனே!"

"லீவா? நீங்க எப்போ லீவு போட்டீங்க?"