ஆற்றுப்புல்லை மிதித்தவன்

"தம்பி, காலைத் தூக்கு. நீ நிக்கிறது புல்லு மேல."

எர்லீன் போட்ட சத்தம் ஆற்றின் பெரிய வளைவு முழுக்கக் கேட்டது. காற்றடைத்த டியூபில் மல்லாந்து மிதந்துபோன நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

கழுத்து வரைக்கும் பச்சை குத்திய ஒரு இளைஞன், இடுப்பளவு தண்ணீரில், தன் டியூபை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நட்ட கம்பம் மாதிரி நின்றிருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. ஃப்ளோரிடாவில் வெயில் எப்படிக் கொளுத்தினாலும் ஊற்றிலிருந்து புறப்படும் அந்த ஆறு மட்டும் சில்லென்றுதான் ஓடும்.

"மன்னிச்சுக்கங்கம்மா. இப்ப எடுக்க முடியாது. காலுக்கடியில..."

"வாசல்ல போர்டு வச்சிருக்கே, படிக்கலையா? ஆத்துல மிதக்கணும், இறங்கி நிக்கக் கூடாது. குளிர்காலத்துல கடல் பசு ஆத்துக்குள்ள வந்து மேயுற புல்லு அது. வேரோட போச்சுன்னா திரும்ப முளைக்க வருஷக்கணக்காகும்."

"தெரியும்மா. நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"தெரிஞ்சேதான் நிக்கிறியா? ரொம்ப நல்லா இருக்கு."

அவன் மேற்கொண்டு ஏதோ சொன்னான். அதற்குள் நீரோட்டம் எர்லீனை வளைவு தாண்டிக் கொண்டுபோய்விட்டது. ஆற்றில் சண்டை போடுவதில் இது ஒரு வசதி. கடைசி வார்த்தை நம்முடையதாகவே இருக்கும்.

அவள் டியூபோடு கயிறு கட்டிப் பின்னால் மிதந்துவந்த கணவர் ஹாய்ட், "என்னமோ சொல்ல வந்தான். கேட்டிருக்கலாம்" என்றார்.

"உங்களுக்கு எல்லார் மேலயும் இரக்கம்தான். அவன் கழுத்தைப் பார்த்தீங்களா?"

"புல்லை மிதிச்சது கழுத்தா?"

எர்லீன் இருபத்திரண்டு வருஷமாக அந்த ஆற்றங்கரைப் பூங்காவில் கூடாரம் போடுபவள். அங்கே ஒவ்வொரு புல்லும் தான் வளர்த்தது என்று நினைப்பு.

கரை ஏறியதும் முதல் வேலையாகப் பூங்காவைக் காவல் காக்கும் ரேஞ்சரைப் பிடித்தாள்.

"பெரிய வளைவுல ஒருத்தன் புல்லை நாசம் பண்ணிட்டு நிக்கிறான். சொன்னா நகர மாட்டேங்கிறான். கதை விடுறான்."

"நீங்க சொன்னா சரிதாம்மா" என்றார் ரேஞ்சர். படகில் சுற்றிக்கொண்டிருந்த ஆளை வாக்கி டாக்கியில் கூப்பிட்டார். "அவன் என்ன கதை சொன்னாலும் கேக்காதே. ஏத்திக்கிட்டு வா."

எர்லீனுக்கு மனசு நிறைந்துவிட்டது. துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, படித்துறையில் நின்ற இன்னும் மூன்று பேரிடம் நடந்ததைச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் தூரத்துப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்த டெஸ்ஸா கண்ணில் பட்டாள். இடது கையில் துண்டைச் சுற்றி வைத்திருந்தாள்.

டெஸ்ஸா, எர்லீனின் மகன் வேட் கட்டிக்கொள்ளப்போகும் பெண். அடுத்த மாதம் கல்யாணம். காலையில் ஆற்றில் இறங்குமுன், சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்க்க, எர்லீன் தன் அம்மாவின் மோதிரத்தை அவள் விரலில் போட்டுவிட்டிருந்தாள். "கொஞ்சம் லூசா இருக்கு அத்தை, கூடாரத்துல வச்சுட்டு வரேன்" என்றாள் டெஸ்ஸா. "வச்சுட்டு வந்தா யாரு பார்ப்பா? போட்டுக்க" என்று சொல்லிவிட்டாள் எர்லீன். ஹாய்ட்டின் டியூபில் காற்று இறங்கியதால் பெரியவர்கள் கிளம்பத் தாமதமாகி, சின்னவர்கள் இரண்டு பேரும் வெகுநேரம் முன்னாலேயே மிதந்து வந்துவிட்டார்கள்.

"வேட் எங்கே?"

"கூடாரத்துக்குப் போயிருக்கார். நீச்சல் கண்ணாடி எடுத்துட்டு வர."

"அது எதுக்கு இப்ப?"

டெஸ்ஸா துண்டைப் பிரித்தாள். விரல் காலியாக இருந்தது.

"பெரிய வளைவுல நழுவிடுச்சு அத்தை. தண்ணி குளிர்ல விரல் சுருங்கிடுச்சு போல. ஆனா பயப்படாதீங்க, அங்கேயேதான் இருக்கு. பின்னாடி வந்த ஒருத்தர் சட்டுனு இறங்கி அதைக் காலால அமுக்கிக்கிட்டார். குனிஞ்சு துழாவினா ஓட்டம் இழுத்துட்டுப் போயிடும், கண்ணாடியோட வாங்க, அது வரைக்கும் காலை எடுக்க மாட்டேன்னார். யாரு எவருன்னுகூடத் தெரியாது. ஒரு மணி நேரமா நிக்கிறார்."

 குளிர்ந்த தண்ணீரில் மோதிரம் நழுவும் என்று எர்லீனுக்குத் தெரியாதா? இருபத்திரண்டு வருஷமாக, இறங்குமுன் தன் மோதிரத்தைக் கழற்றிக் காப்பித்தூள் டப்பாவில் போட்டுவிட்டு வருகிறவள். இன்று காலையும் போட்டுவிட்டுத்தான் வந்தாள்.

"ரேஞ்சர்" என்று திரும்பினாள். படகு கரை தட்டிக்கொண்டிருந்தது.

அந்த இளைஞன் நடுங்கிக்கொண்டே இறங்கினான். டெஸ்ஸா எர்லீனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவனிடம் ஓடினாள்.

"கிடைச்சுதாண்ணா?"

அவன் தலையை ஆட்டினான். "மணல் கலங்கிடுச்சும்மா. எவ்வளவோ துழாவிப் பார்த்தேன். காணோம்."

"ஏன், காலை எடுத்துட்டீங்களா?"

அப்போதுதான் அவன் எர்லீனைப் பார்த்தான். டெஸ்ஸா பிடித்திருந்த கையையும் பார்த்தான்.

"இவங்க...?"

"என் மாமியார் ஆகப் போறவங்க. மோதிரம் இவங்க அம்மாவோடது."

அவன் பார்வையைத் தண்ணீர் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"கால் மரத்துப்போச்சும்மா. வழுக்கிடுச்சு. தப்பு என் மேலதான்."

எர்லீன் வாயைத் திறந்தாள். 

டெஸ்ஸா அவள் கையை இறுக்கிப் பிடித்து, காதோடு சொன்னாள்:

"அவரைத் திட்டிடாதீங்க அத்தை. பாவம், நமக்காக அந்தக் குளிர்ல அவ்வளவு நேரம் நின்னிருக்கார்."