சிஸ்டரின் பப்பாளி வைத்தியம்

சரக்... சரக்...

கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம், கருவேலம் புதருக்குள் யாரோ நடக்கிற சத்தம்.

மணி ஏழேகால்தான். ஆனாலும் நாரணாபுரம் ரோட்டில் அது தனி வீடு. ஜெஸ்லின் ஒன்றரை வயசு பியூலாவை இடுப்போடு இறுக்கிக்கொண்டாள். கணவன் ஜெயசுந்தருக்கு சிவகாசியில் பிரிண்டிங் பிரஸ்ஸில் வேலை. தீபாவளி சீசன், பட்டாசுப் பெட்டி லேபிள் ஆர்டர் கழுத்தை நெரிக்கிறது. இப்போதைக்கு வரமாட்டான்.

சரக்...

கர்த்தரே என்று முனகிக்கொண்டே போன் டார்ச்சைச் சுவருக்கு மேலே நீட்டினாள்.

"யாரு? யாரது அங்க?"

"ஐயோ சிஸ்டர், லைட்டை அமத்துங்க! நான்தான்!"

முருகேஸ்வரி. பகலெல்லாம் பியூலாவைப் பார்த்துக்கொண்டு வீட்டு வேலையும் செய்கிறவள். கால்மணி நேரத்துக்கு முன்னால்தான், விஸ்வநத்தம் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிப் போனவள். கையில், வழியில் குடிக்க ஜெஸ்லின் கொடுத்தனுப்பிய தண்ணீர் பாட்டில்.

பயம் இறங்கிய வேகத்தில் ஜெஸ்லினுக்குக் கோபம் ஏறியது.

பத்து நாளைக்கு முன்னால், "வயிறு கல்லு மாதிரி கெடக்கு சிஸ்டர், வெளிய போயி நாலு நாளாச்சு" என்று முருகேஸ்வரி சுருண்டு உட்கார்ந்தபோது பதறிப்போனவள் ஜெஸ்லின். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிறவளுக்கு இது தெரியாதா? விசாரித்தால் காலையில் ஒரு டீ, மத்தியானம் ரெண்டு வாய்ச் சோறு. தண்ணீர் என்ற பேச்சே கிடையாது.

அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டாள். காலையில் கம்பங்கூழ். பதினோரு மணிக்குப் பப்பாளி. மத்தியானம் கீரையும் மோரும், அதையும் நன்றாக மென்று சாப்பிட வேண்டும். நாள் முழுக்க ரெண்டு பாட்டில் தண்ணீர்.

சாயங்காலம் வந்து பார்த்தால் பாட்டில் வைத்தது வைத்தபடி நிறைந்திருக்கும். பப்பாளியோ ரோட்டில் மேய வரும் ஆட்டின் வாயில்.

"நல்லது சொன்னா ஏறவே ஏறாதாக்கா உங்களுக்கு? குடுத்த தண்ணியைக் கொட்டத்தான் வந்தீங்களா?"

"கொட்டலை சிஸ்டர்."

"பின்ன கையில பாட்டில் எதுக்கு? முந்தாநாள் பப்பாளியை ஆட்டுக்குப் போட்டதை நான் பார்த்தேன். வாயைத் திறந்தேனா? ஆஸ்பத்திரிக்கு வர்ற பொம்பளைங்களுக்கு ஒரு தடவை சொன்னாப் போதும், கேட்டுக்குவாங்க. உங்களுக்கு மட்டும் ஏன் இம்புட்டுப் பிடிவாதம்?"

முருகேஸ்வரி சுவரோரமாக வந்து நின்றாள். ஒரு கை அடிவயிற்றில் இருந்தது.

"ஆட்டுக்கு என்ன சிஸ்டர், தின்னுட்டு நின்ன எடத்துலயே புழுக்கை போட்டுரும். நான் எங்கன போறது?"

ஜெஸ்லினுக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

"எங்க போறதுன்னா?"

"காலையில ஏழுக்கு வாரேன். ராத்திரி வீடு போய்ச் சேர்ந்தாத்தான் எனக்குக் கக்கூசு. அதுவரைக்கும் அடக்கணும்ல? அதான் தண்ணியே குடிக்கிறதில்லை. கீரையும் பப்பாளியும் தின்னா இன்னும் ஆகாது. இன்னைக்கு நீங்க லீவு போட்டுட்டு, எதிர்ல நின்னு ரெண்டு பாட்டிலையும் குடிக்க வச்சுட்டீக. பப்பாளி வேற. பஸ் ஸ்டாப்பு வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போயிட்டேன். அதுக்கு மேல முடியலை. வழிக்கு நீங்க குடுத்த பாட்டில் தண்ணியோட இங்கன ஒதுங்கலாம்னு வந்தா, நீங்க லைட்டை அடிச்சதுல வந்ததுகூட உள்ள ஓடிப்போச்சு."

பியூலா அம்மாவின் செயினைப் பிடித்து இழுத்தாள். ஜெஸ்லின் கவனிக்கவில்லை.

"வீட்டுக்குள்ள பாத்ரூம் இருக்குல்லக்கா. நான் எப்பவாவது போகக்கூடாதுன்னு சொன்னேனா?"

"சொல்லலை சிஸ்டர்." முருகேஸ்வரி அவசரமாகத் தலையாட்டினாள். குரலில் வருத்தம்கூட இல்லை. "முந்தி வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியிலயும் யாரும் போகாதன்னு சொல்லலை. செக்கிங்குக்கு ஆபீசர் வர்ற அன்னைக்கு மட்டும் கக்கூசுப் பூட்டைத் திறப்பாக, அம்புட்டுத்தான். வீட்டுக்காரக சொல்லாம நாமளா எப்படி நுழையுறது? நீங்க போங்கன்னும் சொல்லலையே."

ஜெஸ்லின் போய்க் கொல்லைக் கதவை அகலத் திறந்து வைத்தாள்.

"சுத்தி வாங்கக்கா. சீக்கிரம்."

வாசல்படியில் முருகேஸ்வரி தயங்கினாள். "காலெல்லாம் மண்ணு. செருப்பை எங்கன விட?"

"அதோடயே வாங்க."

"சார் வந்தா ஏதாச்சும் சொல்லப் போறாக."

"சொல்லட்டும். அவரையும் ரெண்டு பாட்டில் தண்ணியைக் குடிக்க வச்சு முள்ளுக்குள்ள அனுப்பிவிடுறேன்."

"சிரிக்க வைக்காதீக சிஸ்டர், ஆபத்து!" முருகேஸ்வரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

பாத்ரூம் கதவு பாதிதான் சாத்தியிருந்தது. இடுக்கில் சேலை நுனி தெரிந்தது.

ஜெஸ்லின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அக்கா, தாழ்ப்பாளைப் போட்டுக்கங்க."

சேலை நுனி உள்ளே இழுபட்டது.

எட்டு மாசமாகத் தினமும் அவள் தேய்த்துக் கழுவி வைத்த அந்தப் பாத்ரூமின் தாழ்ப்பாளை, அன்றைக்குத்தான் முதல் தடவையாக முருகேஸ்வரி உள்ளேயிருந்து போட்டாள்.