நெடில்

கணினித் திரையை அவன் தன் பக்கம் திருப்பி வைத்தான்.

கல்லீரலில் மூன்று புள்ளிகள். முந்தைய ஸ்கேனில் இல்லாதவை.

எதிரே முத்துப்பேச்சி. மடியில் ஒரு துணிப்பை. அதில் மாற்றுச்சேலை, தட்டு, டம்ளர். இன்றைக்கே அட்மிட் பண்ணி மருந்து ஏற்றிவிடுவார்கள் என்று கிளம்பி வந்திருந்தாள்.

அவள் திரையைப் பார்க்கவில்லை. டாக்டரான அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்பில் இருக்கும் புற்று வேறெங்கும் பரவியிருக்கக் கூடாது. பரவாதவர்களுக்குத்தான் அந்தப் புது மருந்து. போன தடவை அவனே அவளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

மருந்து கடல் தாண்டி வந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த டாக்டர் இங்க்ரிட்டும்தான். அவருடைய மருத்துவமனையும் இந்த அரசு மருத்துவமனையும் சேர்ந்து நடத்தும் ஆய்வு. அதைக் கொண்டுவர அவன் வருடக்கணக்கில் நாயாய் அலைந்திருந்தான். தொடக்க விழா நேற்றுத்தான் முடிந்தது. பொன்னாடை, குத்துவிளக்கு, குரூப் போட்டோ. ஒன்றுக்கும் குறைச்சல் இல்லை.

சற்றுமுன் ஆங்கிலத்தில் கெஞ்சிப் பார்த்துவிட்டான். இவள் ஒருத்தியை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்க்ரிட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விதியை மாற்றும் அதிகாரம் அவருக்கும் இல்லை. அடுத்த கட்டத்தில் பரவியவர்களையும் சேர்ப்பார்களாம். இரண்டு வருடம் ஆகலாமாம்.

இரண்டு வருடம்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அழுகைதான், அப்படி மாறி வந்தது.

இனி அவளிடம் சொல்ல வேண்டும். எத்தனையோ பேரிடம் சொன்ன வாய், இன்று திறக்க மறுத்தது.

அந்த மௌனம் இங்க்ரிட்டுக்குத் தாங்கவில்லை. நல்ல மனுஷி. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முத்துப்பேச்சியின் கையைப் பிடித்தார். தனக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தையைச் சொன்னார்.

நேற்று காரில் அவன் கற்றுக்கொடுத்தது. காபி கொட்டினாலும் சொல்லலாம், கார் லேட்டானாலும் சொல்லலாம், தமிழ்நாட்டில் இது ஒன்று போதும் என்று பெருமை பேசியிருந்தான்.

பரவாயில்லை.

அவர் நாக்கில் 'வா' நீளவில்லை.

"பரவல்லை."

முத்துப்பேச்சி நிமிர்ந்தாள்.

"பரவலையா?"

இங்க்ரிட் ஆசையாய்த் தலையை ஆட்டினார். "பரவல்லை. பரவல்லை."

அவன் சுதாரிப்பதற்குள் அவள் போனை எடுத்துவிட்டாள்.

"ஏங்க, பரவலையாம்! வெள்ளைக்கார டாக்டரம்மாவே சொல்லிட்டாவ!"

போனுக்குள் ஒரு வீடே கூச்சல் போட்டது. புருஷன், பிள்ளைகள், யாரோ பக்கத்து வீட்டுப் பெண். முத்துப்பேச்சி சிரித்தாள். இத்தனை மாதத்தில் அவளுடைய பற்களை அவன் பார்த்ததே இல்லை.

இங்க்ரிட் அவன் பக்கம் திரும்பினார். சரியாகச் சொன்னேனா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஒரு வார்த்தைக்கு இவ்வளவு சந்தோஷமா என்று அவருக்கே வியப்பு.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

"இல்லை," என்றான். 'வா'வை நீட்ட வேண்டும்.

இங்க்ரிட்டைப் பார்த்துத்தான் சொன்னான். முத்துப்பேச்சியைப் பார்த்துச் சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லை.

"பர... வா... யில்லை."

இங்க்ரிட் கெட்டிக்கார மாணவி. அவன் சொன்னபடியே திருப்பிச் சொன்னார்.

"பரவாயில்லை."

முத்துப்பேச்சியின் சிரிப்பு நின்றது. உதடு மட்டும் மூட மறந்திருந்தது.

"அதையா சார் சொன்னாவ?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மேசைமேல் ஒரு சொட்டு விழுந்தது. அதைக் கையால் மறைத்தான்.

அவள் பார்த்துவிட்டாள்.

"பரவால்ல சார்," என்றாள்.

'வா' நீளமாகத்தான் இருந்தது.

இங்க்ரிட் விடாமல் அந்த வார்த்தையை மெல்லச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். முத்துப்பேச்சி கையிலிருந்த போன் இன்னும் அணையவில்லை. உள்ளே புருஷன் குரல்.

"ஏட்டி, இன்னொருக்கா சொல்லு. பிள்ளையளும் கேக்கணுங்குதுவ."

அவள் பையை இடுக்கிக்கொண்டு எழுந்தாள். போனை வாயருகே கொண்டுபோனாள்.

"பரவல," என்றாள்.

குறிலாகவே சொன்னாள்.