கனிஷ் தானாகப் போட்ட சட்டை

“தானா சட்டை போட்டுக்குவானா?”

“இல்லீங்க மேடம்.”

“ஸ்பூன் பிடிச்சுச் சாப்பிடுவானா?”

“ஊட்டித்தானுங்க உடணும்.”

“பாத்ரூம் வந்தா கையைப் பிடிச்சாவது காட்டுவானா?”

“இல்லீங்க.”

மோகன்குமாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காக்காய்க்குக்கூடத் தன் குஞ்சு பொன்குஞ்சு. பெற்றவளே இப்படி எதிர்சாட்சி சொன்னால் பிள்ளை எங்கே போய் நிற்கும்?

நாலு வயது கனிஷுக்கு ஆட்டிசம் என்று போன வருஷமே சொல்லிவிட்டார்கள். அன்றாட வேலைகளில் அவனால் எதெது முடியும் என்று பார்த்து, தெரபிஸ்ட் புவனா மேடம் இன்றைக்கு ரிப்போர்ட் தரப்போகிறார். ஜூனில் எல்லாப் பிள்ளைகளோடும் எல்.கே.ஜி.யா, தனிப் பயிற்சி மையமா என்பது அதில்தான் இருக்கிறது. மகன் ஸ்கூல் வேன் ஏறுவான் என்று மோகன்குமார் அவர்கள் குடியிருக்கும் கணபதி ஏரியா முழுக்கச் சொல்லி வைத்திருந்தான்.

“மேடம், இவ சொல்றதை எழுதாதீங்க! எல்லாம் பொய்யி. சாயங்காலம் நான் பட்டறையிலருந்து வாரப்ப பையன் தானாத்தானுங்க சட்டை போடறான். இந்தக் கண்ணால பாக்கறனுங்க!”

“ஏனுங்க, சும்மா இருங்க...” என்றாள் பிரவீனா.

“நீ வாயை மூடு புள்ள. ஒண்ணுந் தெரியாதவனாட்ட ஆக்கிப்போட்டு...”

புவனா மேடம் சண்டையை வளர விடவில்லை. ஒரு டீ-ஷர்ட்டை நீட்டினார்.

“நீங்களே போடச் சொல்லுங்க சார்.”

“கண்ணு, போடு சாமி. அப்பாவுக்குப் போட்டுக் காட்டு.”

கனிஷ் வாங்கிக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டான். அப்புறம் கீழே போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போய்விட்டான்.

“ஊட்டுல போடறானுங்க! சத்தியமாப் போடறான்!” மோகன்குமார் பிரவீனா பக்கம் திரும்பினான். “நீயாச்சும் சொல்லு புள்ள!”

பிரவீனா டீ-ஷர்ட்டை எடுத்தாள். மகனின் தலையை நுழைத்தாள். இரண்டு கைகளையும் நுழைத்தாள். நெஞ்சு வரைக்கும் இறக்கிவிட்டுத் தள்ளி நின்றாள்.

மீதியைக் கனிஷ் சரக்கென்று இழுத்துவிட்டுக்கொண்டான்.

மோகன்குமார் தினமும் பார்ப்பது அதைத்தான்.

“உங்க வண்டிச் சத்தம் கேட்டதும் இவ்வளவும் நான் போட்டு வெச்சுருவனுங்க,” என்றாள் பிரவீனா. “ஊட்டுல ஏமாத்தலாம். இங்க ஏமாத்துனா அவனுக்கு யாருங்க சொல்லிக் குடுப்பா?”

“எதுக்கு புள்ள இப்படி...?”

“டாக்டர் சொன்ன அன்னிலருந்து சோறு தண்ணி இல்லாமக் கெடந்தீங்களே... பையன் தானா சட்டை போட்டுட்டான்னு சிரிச்ச அன்னிக்குத்தானுங்க, நீங்க மறுபடி வயிறாரச் சாப்பிட்டீங்க.”