அடங்காத மோட்டார்

மீன்தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டார் ஓயாமல் உறுமியது. பக்கத்திலிருந்த டிவிக்குப் பொறுக்கவில்லை.

"வாயை மூடேன்டா! நான் பேசுறது யார் காதுலயும் விழல."

"மீனுங்க மூச்சு விடணும். நிறுத்த மாட்டேன், போ!"

சத்தம் தாளாமல் வீட்டுக்காரி தில்லைநாயகி மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். டிவிக்கு ஒரே கொண்டாட்டம். மாலைக்குள் மீன்கள் மூச்சுக்குத் தவித்து மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மோட்டாரால் பார்க்கத்தான் முடிந்தது.

பதறிப்போய் அவள் பிளக்கைத் திரும்பச் செருகினாள். மோட்டார் முன்னைவிடப் பலமாக உறுமியது. அவள் அதன் அடியில் தடித்த ஸ்பாஞ்ச் ஒன்றை வைத்தாள். உறுமல் முனகலானது.

"அடங்கிட்டியா?" என்று இளித்தது டிவி.

"சத்தம்தானே? போனாப் போகட்டும்" என்ற மோட்டார், கடைசி மீனும் தெம்பாக நீந்தி அடிக்கு இறங்கும்வரை வெறிகொண்டு ஊதியது.